எண் மூன்றுக்கு அரை மணி நேரத் தடை

இனி இந்த வீட்டில் எந்தப் பொருளும் விலாசம் மாறி அலையக் கூடாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு நான் முடிவு செய்தேன். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், நான் எடுக்கும் முடிவுகள் குறைவு. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் இது ஐந்தாவது. முதல் நான்கும் என்ன ஆயின என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

காரணம் பிரிண்டர். அதாவது, வெளியே சொன்ன காரணம்.

என் மனைவி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். சாயங்காலம் முன்னறையில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். கணக்குத் தாள் அச்சடிக்க ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் உண்டு. மின்சாரம் போய் வந்தால் போதும், "பிரிண்டர் காணவில்லை" என்று கணினி அறிவிக்கும். பிரிண்டர் அதற்கு ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்திருக்கும்.

"இங்க பாருங்க. கண்ணெதிர்ல இருக்கு. காணோங்குது."

"அது பார்க்கிற கண்ணு வேற."

"எந்தக் கண்ணா இருந்தா எனக்கென்ன? சாயங்காலம் தாள் வேணும். ஏதாவது பண்ணுங்க. முப்பத்தோரு வருஷம் டிப்போவுல சாமான் தேடிக் கொடுத்த மனுஷன்தானே நீங்க?"

'தேடிக் கொடுத்த' என்பதை நான் ஆட்சேபிக்கிறேன். பஸ் டிப்போவின் உதிரிபாகக் கிடங்குக்கு நான் பொறுப்பாளனாக இருந்தவன். படிப்பு ஒன்பதாம் வகுப்புதான். ஆனால் பதினோராயிரத்துச் சொச்சம் சாமானில் ஒன்றைக்கூட நான் தேடியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தட்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரேக் லைனிங்கை எடுத்து வருவேன். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் வாய் திறப்பதற்கும் பேச்சு வெளியே வருவதற்கும் நடுவே சராசரியாக நாலு விநாடி ஆகும். அவளுக்கு நாலு விநாடி தாராளம்.

பக்கத்து வீட்டில் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். கடையில் ஆறு கணினி. ஆறுக்கும் அவரே வயர் இழுத்தவர். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஸ்டோர் சார், இது ரொம்பச் சாதாரணம். உங்க ரவுட்டருக்குள்ள டிஹெச்சிபின்னு ஒரு ஆள் உக்காந்திருக்கான்."

"யாரு உக்கார வச்சது?"

"ஆள்னா நிஜ ஆளா சார்? அது ஒரு வேலை. டாக்டர் கிளினிக்ல டோக்கன் கொடுக்கிறவர் மாதிரி. போன், டிவி, பிரிண்டர், எது வைஃபைக்குள்ள வந்தாலும் கையில ஒரு எண்ணைக் கொடுப்பான். அதுதான் அதுக்கு விலாசம். கொஞ்ச நாளைக்குத்தான் செல்லும். கரண்ட் போய் வந்தா புது டோக்கன். நேத்து ஏழு, இன்னைக்குப் பன்னெண்டு. உங்க கணினி பாவம், பழைய ஏழாம் நம்பர் வாசல்ல நின்னு பிரிண்டரைக் கூப்பிட்டுட்டு இருக்கு."

"இப்படி ஒரு ஆளை எங்க டிப்போவுல வேலைக்கு வச்சிருந்தா ஒரு பஸ்ஸும் வெளிய போயிருக்காது."

"அதுக்குத்தான் சார் ரிசர்வேஷன்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு சாமானுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு எண் போட்டு அனுப்பறாங்க. மேக் நம்பர்னு சொல்லுவாங்க. 'இந்த மேக் நம்பர் வந்தா இந்த டோக்கனைத்தான் கொடுக்கணும், அதை வேற எவனுக்கும் கொடுக்கக் கூடாது'ன்னு ரவுட்டர்ல ஒரு தடவை எழுதி வச்சிடுங்க. அப்புறம் ஆயுசுக்கும் அதே விலாசம்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் இவ்வளவு அழகாகப் பேசியதில்லை.

"இன்னொரு சௌகரியமும் இருக்கு சார். விலாசம் நிலையாயிட்டா, அந்த விலாசத்துக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம். எங்க கடையில மத்தியானம் ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் ரெண்டு கணினிக்கு இணையம் கிடையாது. இல்லேன்னா கவுண்டர் பொண்ணுங்க சாப்பிடவே மாட்டேங்குது."

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். இந்தத் தடவை நாலு விநாடிக்கும் மேலே.

வெளியே சொல்லாத காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டின் பின்பக்கம் எட்டடிக்கு ஒன்பதடியில் ஓர் அறை. அது என்னுடையது. ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு ஜன்னல், சுவரோரம் தொண்ணூற்றாறு டப்பாக்கள். திருகாணி, வாஷர், கீல், கொக்கி எல்லாம் அளவு வாரியாக. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் "ஏன் உம்முனு இருக்கீங்க?" என்று யாரும் கேட்காத ஒரே இடம் உலகத்தில் அதுதான்.

எங்கள் ஒரே மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். அடுத்த மாதம் வந்து ஆறு மாதம் இங்கேயே தங்கி, வீட்டிலிருந்தபடி வேலை செய்யப் போகிறாள். கதவு சாத்துகிற அறை ஒன்று வேண்டுமாம். அறையின் நீள அகலத்தை எழுதிக் கொடுத்தால் அலுவலகமே அதற்கேற்ற மேசையை அனுப்பும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் அளவு கொடுத்தாக வேண்டும்.

"அப்பா ரூம்தான்," என்று என் மனைவி அவளிடம் சொல்லிவிட்டாள். "அவர் அங்க உக்காந்து என்ன ராஜ்ஜியமா ஆளறார்? டப்பாவை எண்றார். முதல் வாரமும் தொண்ணூத்தாறு, அடுத்த வாரமும் தொண்ணூத்தாறு."

என் தரப்பு வேறு. முன்னறை பன்னிரண்டுக்குப் பதினாலு. நல்ல வெளிச்சம். அதில் வகுப்பு நடப்பது நாளைக்கு மூன்று மணி நேரம். மீதி இருபத்தொரு மணி நேரம் அங்கே கரும்பலகை மட்டும் வசிக்கிறது. இதை மகளிடம் சொன்னால் அவள் புரிந்துகொள்வாள். ஆனால் சொல்வது எப்படி?

ஞாயிறு மாலை ஆறுக்கு அவள் டேபில் கூப்பிடுவாள். ஏழுக்கு முடியும். டேப் என்றால் பலகை மாதிரி இருக்குமே, அந்தப் பெரிய போன். அது மனைவியின் மடியில் இருக்கும். கடந்த பத்து ஞாயிறுகளில் எனக்குக் கிடைத்த நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். சராசரி ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. அதில் நாற்பது விநாடி "கேக்குதா? கேக்குதா?" மீதியில், மூன்றடி தள்ளி உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் முன்னறையை எப்படிக் கேட்பது?

போன மாதம் ஒரு புதன்கிழமை நானே தனியாகக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். "அப்பா, மீட்டிங்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை பேசலாமா?" என்றாள். எழுதியும் பார்த்தேன். நாற்பது நிமிஷம் செலவழித்து, ஒன்று, இரண்டு என்று பிரிவு போட்டு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அந்த விரல் எந்தப் பிரிவுக்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆகவே திட்டம் இது. டேபுக்கு நிலையான ஓர் எண். ஞாயிறு மாலை ஆறரையிலிருந்து ஏழு வரை அந்த எண்ணுக்கு இணையம் கிடையாது. ஆறரைக்குப் பேச்சு அறுந்துவிடும். டேபுக்கும் என் போனுக்கும் வீட்டு வைஃபையை விட்டால் வேறு இணையம் கிடையாது. மனைவியிடம் இருக்கும் இன்னொரு போன் பொத்தான் போன், அதில் முகம் தெரியாது. மகள் வேறு வழியில்லாமல் என் போனில் கூப்பிடுவாள். நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழுசாக முப்பது நிமிஷம் பேசுவேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் நாலு குறிப்பு எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன்.

புதன்கிழமை சாமான்களின் மேக் நம்பர்களை எழுதக் கிளம்பினேன். ஒவ்வொன்றும் பன்னிரண்டு எழுத்து. தொலைக்காட்சிக்கு முதுகில். பிரிண்டருக்கு வயிற்றுக்கு அடியில். தரையில் மல்லாந்து படுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

"என்ன பண்றீங்க அங்க? விழுந்துட்டீங்களா?"

"படிக்கிறேன்."

"பிரிண்டரோட அடிவயித்துலயா?"

டேபின் நம்பர் வெளியே இல்லை. உள்ளே, அமைப்புகளுக்குள் அமைப்பாக, ஐந்தாவது பக்கத்தில் இருக்குமாம்.

"ஏம்மா, அந்த டேபைப் பத்து நிமிஷம் கொடேன்."

"எதுக்கு?"

"நம்பர் எடுக்கணும்."

"யாரோட நம்பரு?"

"அதோட நம்பரு."

"அதுல என்னோட சமாசாரம் எல்லாம் இருக்கு. என் தங்கச்சி அனுப்பினதெல்லாம் இருக்கு."

"உன் தங்கச்சி அனுப்பினதைப் படிக்க எனக்கு இன்னொரு ஆயுசு வேணும். நம்பரை மட்டும் எழுதிக்கிட்டுத் தர்றேன்."

"பிரிண்டர் சரியாகறதுக்கும் என் டேபுக்கும் என்ன சம்பந்தம்?"

இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. "கிடங்குன்னா எல்லாச் சாமானுக்கும் எண் இருக்கணும். ஒண்ணை விட்டாலும் கணக்கு இடிக்கும்."

கணக்கு என்ற வார்த்தைக்கு அவள் எப்போதும் மரியாதை கொடுப்பாள். கொடுத்துவிட்டாள். ஆனால் நான் எழுதி முடிக்கும்வரை தோளுக்குப் பின்னாலேயே நின்றாள்.

பிரிண்டர் மட்டும் மூன்று மணி நேரம் தகராறு செய்தது. எண் நாலு ஒதுக்கினால் பதினேழில் போய் உட்கார்ந்தது. கண்ணாடிக் கடைக்காரர் வந்து என் நோட்டைப் பார்த்துவிட்டு, "சார், இது எட்டு இல்ல, பி. நாளைக்குக் கடைக்கு வாங்க, உங்க பவரைப் பார்த்துடலாம்," என்றார். திருத்தியதும் பிரிண்டர் நாலில் வந்து நின்றது. அன்று மட்டும் நாலு தடவை மின்சாரத்தை நானே அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நாலு தடவையும் நாலு. சந்தோஷத்தில் காப்பி கேட்டேன். "கரண்ட்டை நிறுத்தினது நீங்கதானா? பாதிச் சாதத்துல குக்கர் நிக்குது," என்று பதில் வந்தது. காப்பி வரவில்லை.

வியாழக்கிழமை ஒதுக்கீட்டை முடித்தேன். மொத்தம் ஒன்பது சாமான்கள். எண் ஒன்று ரவுட்டருக்கே. குடும்பத் தலைவர் பதவியில் வேறொருவர் முன்பே உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிதல்ல. எண் இரண்டு, என் போன். எண் மூன்று, டேப். நாலு பிரிண்டர், ஐந்து கணினி, ஆறு தொலைக்காட்சி என்று போனது. அடுத்து வேறொரு பக்கத்தைத் திறந்தேன். நேரக் கட்டுப்பாடு. எண் மூன்று, ஞாயிறு, ஆறரை முதல் ஏழு. சேமி என்ற பொத்தானை அழுத்தினேன்.

பிறகு இவை அனைத்தையும் பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதினேன். வரிசை எண், பெயர், மேக் நம்பர், குறிப்பு. மூன்றாம் எண்ணுக்கு எதிரே குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாமா என்று யோசித்தேன். கை கேட்கவில்லை. தணிக்கைக்கு வருகிறவர் முதலில் விரல் வைப்பது காலிக் கட்டத்தில்தான். அதற்காக உண்மையை அப்படியே எழுத நான் என்ன முட்டாளா? 'ஞா. 6.30 – 7.00 இ.த.' என்று எழுதினேன். இ.த. என்றால் இணையத் தடை. எனக்கு மட்டும் புரியும்.

பட்டியல் கிடங்கின் கதவில்தான் தொங்க வேண்டும் என்பது விதி. ரவுட்டர் இருப்பது சமையலறை அலமாரிக்கு மேலே. அலமாரிக் கதவில் ஒட்டினேன். பயம் இல்லை. முப்பத்து நாலு வருஷத்தில் நான் எழுதிய எதையும் அவள் படித்ததில்லை.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றாள்.

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. பின்னறைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போய்த் தன் கண்ணாடியின் திருகை இறுக்கிக்கொண்டு வருவதாகக் கிளம்பினாள். என்னிடம் தொண்ணூற்றாறு டப்பா திருகாணி இருக்கும்போது திருகுக்காகக் கடைக்குப் போகிறாளே என்று மனசு வலித்தது. வேறெதுவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சண்டை ஆரம்பித்தது.

"எனக்கு மூணாம் நம்பரா?"

"உனக்கில்லை. டேபுக்கு."

"உங்களுக்கு ரெண்டு. எனக்கு மூணு. பிரிண்டருக்கு நாலு. அதாவது எனக்கும் பிரிண்டருக்கும் ஒரு நம்பர்தான் வித்தியாசம்."

"நம்பர்ல உசத்தி தாழ்த்தி ஒண்ணும் கிடையாது. எல்லாம் ஒரே தரம்."

"ஒரே தரமா?"

"ஒரே தரம்."

"அப்ப மூணை நீங்க எடுத்துக்கங்க. ரெண்டை எனக்குக் கொடுங்க."

நாலு விநாடி. எட்டு விநாடி. கணக்கு டீச்சரோடு தர்க்கம் பண்ணக் கூடாது, நிரூபித்துவிட்டுத்தான் விடுவார்கள்.

"ஒதுக்கினது ஒதுக்கினதுதான்," என்றேன். இவ்வளவு உறுதியாக நான் பேசியதை நானே முதல் தடவையாகக் கேட்டேன்.

அதிலிருந்து வீட்டில் பேச்சு எண்களில் நடந்தது.

"ரெண்டாம் நம்பருக்குச் சாப்பாடு வச்சாச்சு."

"நீ சாப்பிடலையா?"

"மூணாம் நம்பர் அப்புறமாச் சாப்பிடும். மொதல்ல பிரிண்டர் சாப்பிடட்டும்."

மகளின் பெரியம்மா போனில் "எப்படி இருக்கே?" என்று கேட்டபோது, "இருக்கேன் அக்கா, வரிசையில மூணாவதா இருக்கேன்," என்று பதில் சொன்னாள். பால்காரரிடம், "கையெழுத்தை ரெண்டாம் நம்பர்கிட்ட வாங்கிக்கங்க," என்றாள். பால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்தச் சிறையில் இருந்தேன் என்று கேட்காதது அவர் பெருந்தன்மை.

சனிக்கிழமை மத்தியானம் நான் இறங்கி வந்தேன். யோசித்துப் பார்த்தால் எண்ணில் என்ன இருக்கிறது? நாளைக்கு ஆறரைக்கு நான் ஜெயிக்கப் போகிறேன். ஜெயிக்கப் போகிறவன் ஓர் எண்ணை விட்டுக்கொடுத்தால் குறைந்தா போவான்? தவிர, பேச்சு அறுந்த பிறகு அவள் சந்தேகப்படாமல் இருக்க, அதற்கு முந்தின நாள் அவள் சந்தோஷமாக இருப்பது நல்லது. இதை ராஜதந்திரம் என்பார்கள்.

"சரி. ரெண்டு உனக்கு. மூணு எனக்கு."

"மனசார?"

"மனசார."

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். அவள் நாற்காலி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் என் போனை இரண்டிலிருந்து விடுவித்தேன். ஒரே எண்ணை இரண்டு பேருக்கு எழுதினால் ரவுட்டர் ஒத்துக்கொள்ளாது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். டேபை இரண்டில் எழுதினேன். என் போனை மூன்றில் எழுதினேன். இரண்டையும் அணைத்துப் போட்டேன். டேப் இரண்டு. போன் மூன்று.

"சரியா மாறிடுச்சா? இன்னொரு தடவை பார்த்துடுங்க."

"மாறிடுச்சு."

"வேற பக்கம் எதையும் திறந்து குழப்பிடாதீங்க. இப்பத்தான் பிரிண்டர் ஒழுங்கா ஓடுது."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? தேவையில்லாத இடத்துல கை வைக்கவே மாட்டேன்."

"அது எனக்குத் தெரியும்," என்றாள். இவ்வளவு கனிவாக அவள் சொல்லி ரொம்ப நாளாயிற்று.

அலமாரிக் கதவின் பட்டியலையும் புதிதாக எழுதி ஒட்டினேன். இரண்டு பெயர்களையும் இரண்டு மேக் நம்பர்களையும் இடம் மாற்றினேன். குறிப்புக் கட்டத்தில் இருந்ததை இருந்தபடியே எடுத்து எழுதினேன். அன்று சாப்பாட்டோடு அப்பளம் இரண்டு கூடுதலாக வந்தது.

ஞாயிறு வந்தது. மாலை ஐந்து ஐம்பதுக்கு என் அறைக்குப் போனேன். போன் நூற்றுக்கு நூறு சார்ஜ். சட்டைப் பையில் நாலு குறிப்பு. கதவைச் சாத்தினேன். ஆறு மணிக்குக் கூடத்தில் டேப் அடித்தது. "கேக்குதா? கேக்குதா?" என்ற குரல் கேட்டது. பிறகு சிரிப்பு.

ஆறு இருபத்தொன்பது. எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

ஆறரை.

கூடத்தில் சிரிப்புச் சத்தம்.

ஆறு முப்பத்தொன்று. சிரிப்பு. ரவுட்டரின் கடிகாரம் ஒரு நிமிஷம் பின்தங்கியிருக்கலாம் என்று அதற்குச் சலுகை கொடுத்தேன். முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று. மனைவியின் தங்கை வீட்டுச் சமாசாரம் விலாவாரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொல்கூட விட்டுப் போகாமல், தெள்ளத் தெளிவாக. முப்பத்தைந்துக்குத்தான் கூடம் அடங்கியது; இனி என் போன் அடிக்கும் என்று காத்திருந்தேன், ஐம்பத்தைந்துக்குக் கூடத்தில் டேப்தான் மறுபடி அடித்தது.

என் போனை எடுத்துப் பார்த்தேன். வைஃபை குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி. 'இணைய வசதி இல்லை' என்று எழுதியிருந்தது.

அணைத்துப் போட்டேன். அது எழுந்து வர ஒரு நிமிஷம் பத்து விநாடி. எழுந்ததும் டிஹெச்சிபியிடம் போய் விலாசம் கேட்டது. அவன் என் சொல்லைத் தட்டாமல், நான் எழுதி வைத்தபடியே, மூன்று என்று கொடுத்தான். மூன்றுக்கு ஏழு மணி வரை இணையம் கிடையாது.

அப்போதுதான் புரிந்தது. முப்பத்தோரு வருஷக் கிடங்கு அனுபவத்தில் சாமான்களை இடம் மாற்றிவிட்டுப் பூட்டை மட்டும் பழைய தட்டிலேயே விட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் உள்ளே என்னை வைத்து.

தடையை நீக்க வேண்டும் என்றால் கணினிக்குப் போக வேண்டும். கணினி முன்னறையில். முன்னறைக்குக் கூடம் வழியாகத்தான் போக வேண்டும். ஓடினேன்.

"இதோ அப்பாவே ஓடி வர்றாரு பாரு," என்று டேபை என் பக்கம் திருப்பினாள் மனைவி.

"அப்பா! எங்க போனீங்க?" திரையில் மகள். "உங்க போனுக்கு நாலு தடவை கூப்பிட்டேன். போகவே இல்ல."

"என் போனுக்கா?"

"ஆமாப்பா. அம்மாதான் சொன்னாங்க. 'ரூம் விஷயத்தை நான் முடிவு பண்ணினா நல்லா இருக்காது. அப்பா மனசுல என்ன இருக்குன்னு அவர்கிட்டத் தனியா கேளு. நான் பக்கத்துல இருந்தா வாயே திறக்க மாட்டார்'னு சொல்லி, ஆறு அம்பத்தஞ்சு வரைக்கும் உங்களுக்கு டைம் கொடுத்தாங்க. நீங்க எடுக்கல."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நியாயமே உருவாக உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப சொல்லுங்கப்பா. அம்மா இருந்தா என்ன? பின் ரூம் அளவை எழுதிக் கொடுத்துடட்டுமா? எட்டுக்கு ஒம்பதுதானே? உங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?"

சட்டைப் பையில் நாலு குறிப்பு இருந்தது. முதல் குறிப்பு 'முன்னறை' என்று ஆரம்பிக்கும். முன்னறைக்காரி என்னிடமிருந்து மூன்றடி தள்ளி இருந்தாள். வாயைத் திறந்தேன். நாலு விநாடி. ஐந்து.

"உனக்கு எது வசதியோ..." என்று வந்தது.

"தேங்க்ஸ்ப்பா! நீங்க கஷ்டப்படுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன். அப்ப இன்னைக்கே அனுப்பிடறேன்." கை ஆட்டினாள். திரை இருண்டது. மணி ஆறு ஐம்பத்தெட்டு. என் பங்கு நாற்பத்தேழு விநாடி. சராசரிக்கும் கீழே.

அவள் மடியில் இருந்த டேபைப் பார்த்தேன். எண் இரண்டு.

"உனக்கு முன்னாலயே தெரியும்," என்றேன்.

"என்ன தெரியும்?"

"தடை."

"நீங்கதானே எழுதி ஒட்டினீங்க? ஞா. ஆறரை டு ஏழு, இ.த. முப்பது வருஷம் பிள்ளைங்க விடைத்தாளைத் திருத்தினவ நான். அவங்க கிறுக்கலையே படிச்சிருக்கேன். உங்களுக்கு முத்து முத்தான கையெழுத்து வேற."

"நான் எழுதினதை நீ படிச்சதே இல்லையே!"

"யாரு சொன்னது? எல்லாத்தையும் படிப்பேன். சொன்னா நிறுத்திடுவீங்களேன்னு சொல்றதில்லை."

"ரெண்டாம் நம்பரைக் கேட்டது?"

"கண்ணாடிக் கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். தடை ஆளுக்கா, நம்பருக்கான்னு. நம்பருக்குத்தான்னார். அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் நீங்களே பண்ணிட்டீங்க. நான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு எழுந்து, டேபை உறையில் போட்டாள். குரல் இறங்கியிருந்தது. "கேட்டிருந்தா, முன்னறையில பாதியைக் கொடுத்திருப்பேன். என்கிட்டக் கேக்காம ரவுட்டர்கிட்டப் போனீங்க. போங்க."

இதுவும் நியாயமாகவே இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பின்னறை வாசலில் போய் நின்றேன். அவளும் ஒரு டேப்பும் பென்சிலுமாக வந்து சேர்ந்தாள். இது அளக்கிற டேப்.

"டப்பாக்களைப் பத்திக் கவலைப்படாதீங்க. மாடிப்படிக்கு அடியில தட்டு அடிக்கச் சொல்லியாச்சு. தட்டுக்குப் பதினாறு, ஆறு தட்டு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் எழுதி வச்சிருக்கேன். ஒரு டப்பாகூட இடம் மாறாது."

பார்த்தேன். குறை சொல்ல ஓரிடம் இல்லை. டிப்போவிலே நானே செய்திருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பேன்.

"மேசை?"

"சமையலறை ஓரத்துல. அளந்துட்டேன். அரை அங்குலம் மிச்சம்."

"நாற்காலி?"

"அது அவளுக்கு வேணும்."

"அப்ப எனக்கு?"

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கு எதுக்குங்க நிரந்தர இடம்? அந்தந்த நேரத்துக்கு எது காலியா இருக்கோ, நான் சொல்றேன், அங்க உக்காந்துக்கங்க."